முப்பது வருடத்துக்கு ஒரு பந்தி போதாது

யாழ்ப்பாணத்துப் பள்ளி விடுதிகளில் நின்று படித்து, இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் கொழும்பிலும் ஊரிலும் இருக்கும் அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கைமாருக்கு,



நான் படித்த பள்ளியின் பழைய மாணவர் மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். 1986 தையில் இருந்து 1995 ஐப்பசி வரை விடுதியில் நாங்கள் வாழ்ந்த வாழ்க்கையைப் பத்துப் பக்கத்தில் எழுதி அனுப்பினேன். இரண்டு கிழமையில் மறுமொழி வந்தது. நல்லாய் எழுதியிருக்கிறாய், ஆனால் இந்த விசயங்கள் இப்ப வேண்டாம், இல்லப் போட்டியைப் பற்றியோ பரிசளிப்பு விழாவைப் பற்றியோ எழுதித் தரமுடியுமா என்று கேட்டிருந்தார்கள். என்னால் முடியவில்லை. மலர் அழகாக வந்தது. பளபளப்பான தாள், அதிபர்களின் படங்கள், கிரிக்கெற் அணிகளின் படங்கள். யுத்த காலத்துக்கு ஒரேயொரு பந்தி. நாட்டின் அசாதாரண சூழ்நிலையிலும் கல்லூரி தன் பணியை இடையறாது தொடர்ந்தது என்று அந்தப் பந்தி சொல்லியது.

பள்ளியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அந்தப் பள்ளி மட்டும் செய்த பிழை அல்ல இது. கைக்கு எட்டிய வேறு மலர்களையும் எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் அதே இரண்டு சொற்கள்: அசாதாரண சூழ்நிலை. எங்கள் பிள்ளைப் பருவம் முழுவதையும் அந்த இரண்டு சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டோம். இதை உங்களிடம் நேரே சொல்லவேண்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் விடுதிகளுக்கு வயது இருநூறு ஆகிவிட்டது. நீங்கள் எல்லோரும் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் படித்தவர்கள் அல்ல, நானும் அல்ல. ஆனாலும் கெட்டிக்காரப் பிள்ளையைத் தேடிப் பிடித்து, வீட்டிலிருந்து பிரித்து, ஒரு கூரையின் கீழ் வைத்துப் படிப்பிக்கும் வழக்கத்தை இந்தக் குடாநாட்டில் பெரிதாக வேரூன்ற வைத்தவை அந்த இரண்டு இடங்களும்தான். அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டைப் பள்ளியை 1823இல் தொடங்கியது. தமிழ் இளைஞருக்கு ஒரு கல்லூரி வேண்டும் என்று அறிக்கை அச்சிட்டு வெளியிட்டார்கள். அமெரிக்கர் இங்கே பெருகுவதை விரும்பாத ஆங்கிலேய ஆளுநரின் அரசு கல்லூரிக்கு இடம் கொடுக்கவில்லை. மத்திய பாடசாலை என்ற சாதுவான பெயரில் தொடங்கி, பிறகு செமினரி ஆக்கினார்கள். அடுத்த வருடம் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு ஹரியற் வின்ஸ்லோ விடுதிப் பள்ளி தொடங்கினார். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது.

செமினரியில் வானசாத்திரமும் கணிதமும் ஆங்கிலமும் படிப்பித்தார்கள்; தமிழும் படிப்பித்தார்கள். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சுக்குக் கொண்டுவந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். மதராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவர், அவரும் விசுவநாதபிள்ளையும். இருவருமே வட்டுக்கோட்டைச் செமினரியின் பிள்ளைகள். செமினரியின் அதிபராக இருந்த ஹொய்சிங்ரன் சிவஞானபோதத்தை ஆங்கிலமாக்கி 1854இல் அமெரிக்காவில் அச்சேற்றினார். மதம் மாற்ற வந்தவரைச் சைவ சித்தாந்தம் அந்த அளவுக்கு உள்ளே இழுத்திருக்கிறது. இந்தப் பெருமைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஒவ்வொரு விழா மேடையிலும் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள்.

இவை எங்களுக்கு எப்படித் தெரிய வந்தன என்று யோசித்திருக்கிறீர்களா?

அவர்கள் எழுதி வைத்ததால் தெரிய வந்தன. எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இடையில் ஓடிப்போனார்கள், யார் யாருக்கு அமெரிக்கக் கொடையாளர்களின் பெயரை வைத்தார்கள், எந்த வருடம் வாந்திபேதி வந்தது என்பதையெல்லாம் மிஷனரிமார் கடிதமாக எழுதிக் கப்பலில் அனுப்பினார்கள். மிஷனரி ஹெரல்ட் என்ற சஞ்சிகை அந்தக் கடிதங்களை அச்சிட்டது. இன்றைக்கும் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் ஹௌற்றன் நூலகத்தில் அந்த மிஷனின் ஆவணங்கள் பத்திரமாக இருக்கின்றன. தங்களுக்குச் சங்கடம் தரும் விசயங்களையும் மறைக்காமல் எழுதினார்கள். கிறிஸ்தவரின் கூரைக்குக் கீழே சமைத்ததைச் சாப்பிடமாட்டோம் என்று முதற் பிள்ளைகள் மறுத்ததால், பக்கத்தில் ஒரு சைவரின் காணியில் குசினி கட்டவேண்டி வந்ததை நாங்கள் அறிவது அப்படித்தான். 1855இல் செமினரியை மூடியதும் எழுத்தில் இருக்கிறது. ரூபஸ் அன்டர்சன் அமெரிக்காவிலிருந்து வந்து பார்த்து, ஆங்கிலம் படித்த பிள்ளைகள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று கண்டபின் நடந்தது அது. செமினரியை உருவாக்கி வளர்த்த டானியல் புவர் அதே வருடம் மானிப்பாயில் வாந்திபேதியில் இறந்தார். ஊர்ச்சனம் மனம் ஆறாமல் கேட்டுக் கேட்டு, பணமும் சேர்த்து, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியாக அதைத் திரும்பப் பெற்றது. பதினேழு வருட இடைவெளி அது. அந்தப் பதினேழு வருடத்துக்குள் யார் என்ன சொன்னார் என்று இன்றைக்கும் தேடிப் படிக்கலாம்.

1983இலிருந்து 2009 வரை எங்கள் விடுதிகளில் என்ன நடந்தது என்பதை அப்படித் தேடிப் படிக்க வழியில்லை. செமினரியின் முதல் வருடங்களில் வட்டுக்கோட்டையில் ஒரு பிள்ளை எதை எங்கே சாப்பிட்டான் என்று அறிகிறோம். 1987 ஐப்பசியில் எங்கள் விடுதியில் எத்தனை பிள்ளைகள் நின்றார்கள், அவர்களை யார் எப்படி வீடு சேர்த்தார்கள் என்று கேட்டால் ஒரு தாள் இல்லை. எழுதத் தெரியாதவர்களா நாங்கள்? குடாநாட்டில் எழுத்துக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் நாங்கள்தானே. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை, பிறகு பள்ளியின் அனுமதிச் சோதனை, பிறகு நேர்முகம். நூறு பேர் வந்த இடத்தில் பத்துப் பேரை எடுத்தார்கள். தோற்றுப் போன பிள்ளை வாசலில் அழுததை நான் கண்டிருக்கிறேன், நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்த இடம் எங்களுக்குக் கிடைத்தது. அந்தக் கடன் எங்கள் தலையில் இருக்கிறது.

நான் சொல்ல விரும்புவது பெரிய சம்பவங்களை அல்ல. அவற்றுக்கு நூல்களும் அறிக்கைகளும் இருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் சாம்பலானதை உலகம் அறியும். நான் கேட்பது, பொம்மர் வரும் சத்தம் கேட்டால் எந்த வகுப்புப் பிள்ளை எந்தப் பங்கருக்குள் போகவேண்டும் என்று எங்கள் விடுதிப் பொறுப்பாளர் ஒரு மட்டையில் எழுதி ஒட்டியிருந்தாரே, அதைப்போன்றவற்றை. விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் ட வடிவத்தில் வெட்டிப் பனங்குற்றி போட்டு மண்மூட்டை அடுக்கிய பங்கர்கள். மண்ணெண்ணெய் கிடையாத காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்து ஒரு விளக்கைச் சுற்றி ஐந்து பேர் படித்தது. சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் சேட்டுத் தோய்த்தது, அந்த மஞ்சள் நிறம் வெள்ளைச் சேட்டிலிருந்து கடைசிவரை போகாதது. சீனி இல்லாத பிளேன்ரீயும் கையில் ஒரு பனங்கட்டித் துண்டும். ஏ.எல். சோதனைக்கு முதல் இரவு ஷெல் அடிக்க, கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு இரசாயனம் பாடமாக்கியது. இவற்றை நாங்கள் சந்திக்கும் இடமெல்லாம் கதைக்கிறோம். கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் வட்ஸ்அப்பிலும் கதைத்துவிட்டுப் போகிறோம். ஒருவரும் எழுதுவதில்லை.

என் பக்கத்துக் கட்டில்காரனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்லமாட்டேன், அவனுடைய வீட்டார் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அவர்களைக் கேட்காமல் சொல்லக்கூடாது. நெடுந்தீவுப் பிள்ளை. ஆறாம் வகுப்பில் என்னோடு சேர்ந்து விடுதிக்கு வந்தான். நாங்கள் வருவதற்கு முந்தின வருடம், 1985 மே 15இல்தான், நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவான் போகும் குமுதினிப் படகில் சனத்தை வெட்டிக் கொன்றார்கள். தீவுப் பிள்ளைக்கு வீட்டுக்கும் பள்ளிக்கும் அந்த ஒரே கடல்வழிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தாய்மார் தோசையும் பலகாரமும் கொண்டுவந்து மரத்தடியில் இருந்து கதைத்துவிட்டுப் போவார்கள். அவனுடைய அம்மா வருவது அருமை. வந்தால் இரண்டு பேரும் ஒரு சொல்லும் கதைக்காமல் இருப்பார்கள். முதற் தவணை முழுவதும் இரவில் விளக்கை அணைத்த பிறகு அவன் கடலைப் பற்றித்தான் கதைப்பான்.

படிப்பில் புலி. பூமிசாத்திரத்தில் அவனை மிஞ்ச எங்கள் வகுப்பில் ஆள் இல்லை. வரைபடத்தை அடிமட்டம் வைக்காமல், கையால் வரைவான். 1990இல் ஒரு நாள் காலையில் கட்டில் வெறுமையாக இருந்தது. இயக்கத்துக்குப் போய்விட்டான் என்றார்கள். தானாகப் போனானா, யாரும் கூட்டிக்கொண்டு போனார்களா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவனுடைய அம்மாவுக்கு யார் சொன்னார்கள் என்பதும் தெரியாது. ட்றங்குப் பெட்டியை விடுதிப் பொறுப்பாளர் களஞ்சிய அறையில் வைத்துப் பூட்டினார். அம்மா வந்தால் கொடுக்கவேண்டும் என்று எங்களிடம் சொன்னார். 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தால் வலிகாமம் முழுவதும் நடந்து வெளியேறியபோது நாங்களும் நடந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்து பார்க்க, களஞ்சிய அறைக்குக் கதவு இல்லை. பெட்டியும் இல்லை.

அவனிடம் இரவல் வாங்கிய பூமிசாத்திரக் கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. கப்பலேறி, விமானமேறி, நான்கு நாடு மாறி இன்னும் இருக்கிறது. அவன் அந்தப் பள்ளியில் நான்கு வருடத்துக்கு மேல் படித்தான் என்பதற்கு நான் அறிந்த சாட்சி அது ஒன்றுதான்.

இப்படிப்பட்டவர்களை எழுதப் போனால் சிலவற்றை மறைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். மலர் குழுவினர் பயந்ததும் அதற்காகத்தான். 1985இல் சென் ஜோன்ஸ் கல்லூரி அதிபர் ஆனந்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார், சுட்டவர்கள் தமிழர். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை உஸ்மானியாக் கல்லூரிக்கு அருகே மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். சொன்னவர்களும் தமிழர். ஐந்து வருடம் கழித்து அதே திகதியில் நாங்கள் வெளியேறினோம். எங்கள் வகுப்பிலிருந்து போன முஸ்லிம் பிள்ளைக்கு ஒரு பிரியாவிடைகூட நாங்கள் சொல்லவில்லை. 1995 ஆடியில் அரச விமானங்கள் குண்டு போட்டு, நவாலித் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புரட்டாதியில் நாகர்கோவில் மகாவித்தியாலயத்தில் பிள்ளைகள் இறந்தார்கள். இலங்கை இராணுவம், இந்திய அமைதிப்படை, இயக்கங்கள் என்று எல்லோருடைய கையும் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் மேல் பட்டிருக்கிறது. ஒரு கையை மட்டும் எழுதி மற்றக் கையை விட்டுவிட்டால் அது வரலாறு அல்ல. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அசாதாரண சூழ்நிலை என்று எழுதுவதும் வரலாறு அல்ல.

அதற்கும் முந்திய கணக்கொன்று இருக்கிறது. தேர்ந்தெடுத்த பள்ளிகள் என்று சொல்கிறோமே, அவற்றுள் வர விடப்படாதவர்கள் யார்? சம ஆசனமும் சம போசனமும் கேட்டு 1930ஐ ஒட்டிய காலத்தில் குடாநாட்டில் எவ்வளவு சண்டை நடந்தது! ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை வாங்கில் ஒன்றாக இருக்கக்கூடாது என்று பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தவர்களும் எங்கள் ஊரவர்தான். பிற்காலத்தில் உள்ளே வந்த அந்தப் பிள்ளைகளிடம் விடுதிச் சாப்பாட்டு மேசையில் எப்படி நடந்துகொண்டோம் என்பதை அவர்கள்தான் சொல்லவேண்டும். அவர்களுக்கும் இந்த மடல் பொதுவானது. உங்கள் பக்கத்தை நீங்கள் எழுதாவிட்டால், எங்கள் விருப்பப்படி ஒரு பொன்னான காலத்தை நாங்கள் எழுதி முடித்துவிடுவோம்.

பழைய புண்ணைக் கிளறவேண்டாம் என்பார்கள். என் பக்கத்துக் கட்டில்காரனின் அம்மாவுக்கு அது பழைய புண்ணா? ஊரில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு வரும் என்பார்கள். இந்தக் கவலை நியாயமானது, இதைத் தட்டிக்கழிக்க நான் ஆயத்தமில்லை. கனடாவில் இருந்து வீரம் பேசுவது சுலபம், ஊரில் வீட்டு வாசலில் நின்று விசாரிக்கப்படுபவர் வேறொருவர். ஆகவே பெயர்களை மறைக்கலாம். இன்ன வருடம் வரை திறக்கக்கூடாது என்று உறையில் எழுதி ஒட்டிக் கொடுக்கலாம். அச்சிடுவது பிறகு நடக்கட்டும். முதலில் காகிதத்தில் இருக்கட்டும்.

காலம் இல்லை. எங்களுக்குச் சோறு போட்ட குசினி அண்ணைமார், ஷெல்லடிக்குள் வாசலில் நின்ற காவலாளி ஐயாமார், தங்கள் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு எங்களோடு பங்கருக்குள் இருந்த விடுதி ஆசிரியைமார் எல்லோரும் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். பலர் போய்விட்டார்கள். மலர்களில் அவர்களுடைய பெயர்கூட இல்லை. உடுவிலில் எலைசா அக்னியூ 1840இல் வந்து ஒரு தடவைகூட ஊர் திரும்பாமல் தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைக்குப் படிப்பித்ததை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எழுதத்தான் வேண்டும். 1990களில் சம்பளமும் ஒழுங்காக வராத நாளில் எங்களைக் கட்டிக்காத்த ஆசிரியைமாரைப் பற்றி யார் எழுதுவது?

நான் கேட்பது இதுதான். உங்கள் வீட்டுப் பேஸ்மென்றில், அலுமாரிக்கு மேலே, அம்மாவின் சூட்கேசுக்குள் கிடக்கும் தேர்ச்சி அறிக்கையை, விடுதிக் கட்டணப் பற்றுச்சீட்டை, வகுப்புப் படத்தை, வீட்டுக்கு எழுதிய கடிதத்தை எடுங்கள். படம் எடுத்து, ஒரு பிரதியை உங்கள் பள்ளி நூலகத்துக்கும் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கும் கொடுங்கள். 2005இலிருந்து எங்கள் காகிதங்களை அவர்கள் எண்ணிம வடிவில் காத்து வருகிறார்கள். யாரும் திறந்து படிக்கலாம். ஊருக்குப் போகும்போது உங்கள் பழைய விடுதிப் பொறுப்பாளரைப் போய்ப் பாருங்கள். சால்வை போர்த்துவதோடு எழும்பி வராமல், கைத்தொலைபேசியை மேசையில் வைத்து, ஒரு மணித்தியாலம் அவரைப் பேசவிடுங்கள். உங்கள் வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். வைத்தியர், பொறியியலாளர் ஆனவர்களுக்கு முன்னால், இல்லாமற் போனவர்களின் பெயரை எழுதுங்கள். எப்படி இல்லாமற் போனார்கள் என்று தெரிந்தால் அதையும், தெரியாவிட்டால் தெரியாது என்றும் எழுதுங்கள்.

பழைய மாணவர் சங்கத்தாரே, உங்களிடம் தனியாக ஒன்று. அடுத்த மலரில் எழுபது பக்கம் விளம்பரத்துக்குக் கொடுப்பீர்கள். செலவுக்கு அது வேண்டும், நான் குறை சொல்லவில்லை. யுத்த வருடங்களுக்கு எழுபது பக்கம் கொடுங்கள். வரும் கட்டுரையைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

நெடுந்தீவுப் பிள்ளையின் கொப்பியை முழுவதும் படம் எடுத்துவிட்டேன். நாற்பத்தாறு பக்கம். கடைசிப் பக்கத்தில் தீவகத்தின் வரைபடம் பாதியில் நிற்கிறது. அவனுடைய வீட்டாரை அறிந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். மூலக் கொப்பி அவர்களுக்குச் சேரவேண்டியது.